பொண்டி மச்சாளும் பூசணி சூப்பும்

நான் அறைகள் சுத்தம் செய்யும் ஹோட்டலில் லிஃப்டுகளை மாற்ற வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம் மூடினார்கள். எங்களை அந்த வாரம் விடுமுறை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. எங்கள் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வெயில் போன பிறகு கிடைக்கிற லீவை வைத்து என்ன செய்வது, ஆகஸ்டில் தந்திருந்தால் கடற்கரைக்காவது போயிருக்கலாமே என்று புலம்பினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரையில் படுத்துக் கிடப்பதற்காக விமானம் ஏறுகிறவர்களை எனக்கு எப்போதுமே விளங்குவதில்லை. எனக்கு வீட்டில் யாரும் இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், நாலாவது மாடியில் எங்கள் வீடு. மகன் வேறு நகரத்தில் படிக்கிறான். கணவருக்கு ஓர் உணவகத்தில் சமையல் வேலை; காலை பத்து மணிக்குப் போனால் இரவுதான் வருவார். ஆகவே பகல் முழுவதும் வீடு எனக்கு. திங்கட்கிழமை ஏழரை வரைக்கும் படுத்திருந்தேன். எழுந்து தேத்தண்ணி போட்டு, கதிரையில் உட்கார்ந்து குடித்தேன். வேலை நாட்களில் நான் தேத்தண்ணியை நின்றுகொண்டுதான் குடிப்பேன், ஒரு கை சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டிருக்கும். உட்கார்ந்து குடித்தால் அதே தேத்தண்ணிக்கு வேறு ருசி என்று அன்றுதான் கண்டேன். கடையில் வாங்கி வைத்திருந்த அத்திப்பழங்களைக் கழுவாமலே தின்றேன். பின்னேரம் யன்னலால் வெயில் வந்தது. எங்கள் யன்னலுக்கு எதிரே ரயில் தண்டவாளங்கள், மறைப்பதற்கு ஒரு கட்டடமும் இல்லை. கோடையில் யன்னல் விளிம்போடு நின்றுவிடும் வெயில், இலையுதிர் காலத்தில் சரிந்து உள்ளே வந்து கதிரை வரைக்கும் நீளும். சுடாது. சும்மா மடியில் கிடக்கும். நான் ஒன்றும் செய்யாமல் அதில் உட்கார்ந்திருந்தேன். ரயில்கள் போயின, வந்தன. அவற்றில் இருந்தவர்களெல்லாம் எங்கேயோ போய்ச் சேர வேண்டியவர்கள் என்று நினைத்தபோது ஒரு குரூரமான மகிழ்ச்சி.

செவ்வாய்க்கிழமை காலை பொண்டி மச்சாள் தொலைபேசி எடுத்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. நகரத்துக்கு வெளியே பொண்டியில் தனி வீடு, பின்னால் தோட்டம். அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு சுக துக்கமும் விசாரிக்க முடியாது. செத்த வீட்டுக்கு வந்தாலும் ரோசாச் செடிக்கு என்ன உரம் போட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அழுவார். அண்மைக் காலமாக அவருக்கு இன்னொரு வியாதி. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரருக்கு வீடியோ எடுத்து அனுப்புவது. 'வாழ்க்கையின் சின்னச் சின்னச் சந்தோசங்கள்' என்று அவற்றுக்குப் பொதுப் பெயர். மெழுகுதிரி எரியும். பக்கத்தில் ஒரு கோப்பையில் ஏதோ ஆவி பறக்கும். மச்சாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாங்கள் எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறோம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பார். அவர் ஓடி நான் கண்டதில்லை.

"நீ இந்தக் கிழமை வீட்டிலைதான் நிக்கிறாய் எண்டு தம்பி சொன்னவன்," என்றார். "என்ரை குசினியை உடைச்சுப் போட்டாங்கள். புதுசாப் போடுறம். வீடெல்லாம் தூசி. அத்தான் வேலைக்காரரைப் பாத்துக்கொண்டு அங்கை நிக்கிறார். நான் அங்கை வந்து நிக்கட்டே?"

நிக்கட்டே என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். அவர் அப்போது ஏற்கெனவே ரயிலில் இருந்தார். பின்னணியில் அடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொல்வது எனக்குக் கேட்டது.

மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். ஒரு சக்கரப் பெட்டி, சுருட்டிய செம்மஞ்சள் கம்பளி, கறுவாப்பட்டை வாசமடிக்கும் மெழுகுதிரிகள், பிறகு தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்று, கைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்தபடி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நாலு மாடி ஏறிவந்த மூச்சு அடங்க முன்னமே கேட்டார்:

"எப்பிடியடி இதுக்குள்ளை இருக்கிறியள்?"

எத்தனையோ வருடமாக ஒவ்வொரு முறையும் இதே கேள்வி. நான் ஒருமுறையும் பதில் சொன்னதில்லை. அவரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். வீட்டில் வேறு கதிரைகளும் இருந்தன.

அன்று பின்னேரம் வெயில் உள்ளே வந்தபோது அது மச்சாளின் மடியில் விழுந்தது. அவர் கம்பளியைப் போர்த்தி, மெழுகுதிரியைக் கொளுத்தி, நல்ல வெளிச்சத்தில் மெழுகுதிரி கொளுத்துவது எவ்வளவு முட்டாள்தனம் என்று ஒரு கணமும் யோசிக்காமல், போனை அத்திப்பழத் தட்டில் சாய்த்து வைத்தார்.

"கொஞ்சம் விலகு. உன்ரை நிழல் விழுது."

விலகினேன். ஹோட்டலில் என் வேலையில் பாதி இப்படிப்பட்டவர்கள் விட்டுப்போவதைத் துடைப்பதுதான். குளியல் தொட்டியைச் சுற்றி மெழுகுதிரி வைப்பார்கள், ரோசா இதழ்களைத் தண்ணீரில் கொட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அடுத்த நாள் நான் முழங்காலில் நின்று மெழுகைச் சுரண்டி, ஓட்டையில் அடைத்த இதழ்களை விரலால் பிடுங்கி எடுப்பேன். அவை அழுகிய கீரை போல இருக்கும். சின்னச் சின்னச் சந்தோஷங்களின் அடிப்பக்கம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது அது என் வீட்டுக்கே வந்து, என் மேசையில் மெழுகு சொட்டிக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு வீட்டிலை ஒரு அமைதியான பின்னேரம்," என்று மச்சாள் போனுக்குச் சொன்னார். யாருடைய வீடு என்று சொல்லவில்லை.

பிறகு பூசணியை வெட்டச் சொன்னார். தனக்குக் கை நோகுமாம். நான் வெட்டினேன். தோல் மரக்கட்டை மாதிரி இருந்தது. சமையல் மட்டும் அவருடையது: அவித்து, அரைத்து, பால் ஊற்றி, மேலே வோக்கோசு இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிதம் இல்லை. காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தால் அவன் காய்ச்சலோடேயே இருந்துகொள்கிறேன் என்பான். குசினியில் நின்று சூப்பைக் கிண்டுவதையும் என்னைக்கொண்டு படம் எடுப்பித்தார். கனடாவில் இருந்து ஒரு பெரியம்மா உடனே எழுதினார்: 'உன்ர புதுக் குசினி சரியான வடிவு பிள்ளை.' அது என் குசினி. நாங்கள் குடிவந்தபோதே வெடித்திருந்த மஞ்சள் ஓடுகள், ஒரு பக்கக் கதவு சரியாகச் சாத்தாத அலுமாரி. ஒவ்வொரு முறை வரும்போதும் மச்சாள் இந்தக் குசினியைப் பார்த்து மூக்கைச் சுளித்திருக்கிறார். இப்போது பெரியம்மாவுக்குக் கைகூப்பும் பொம்மைப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுப் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்.

இரவு கணவர் வேலையால் வந்தார். அக்கா ஊற்றிக் கொடுத்த சூப்பை மேசையில் இருந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"நல்லா இருக்கக்கா," என்றார். "வித்தியாசமா இருக்கு."

மச்சாள் எங்கள் மகனின் அறைக்குப் படுக்கப் போனதும், கணவர் குசினி வாசலில் வந்து நின்று என்னிடம் காதோடு காதாகக் கேட்டார்: "சோறு ஏதும் கிடக்கே?"

என் கணவருக்கு முதுகெலும்பு இருக்கிறது. படுக்கும்போது மட்டும் அது நேராகும். நான் சோறும் முதல் நாள் வைத்த சார்தின் மீன் குழம்பும் போட்டுக் கொடுத்தேன். களவு எடுத்தவர் போல நின்றுகொண்டே சாப்பிட்டார்.

புதனும் அப்படியே கழிந்தது. வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுத் துணிகளை இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு கீழே தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனேன். வீட்டில் மெஷின் இருக்கிறது. அது பழுதாகிவிட்டது என்று மச்சாளிடம் பொய் சொன்னேன். அங்கே யாரும் என்னோடு பேசவில்லை. ஒரு கிழவர் தன் ஒரு சோடி காலுறை சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உலர்த்தும் மெஷினில் இருந்து சூடான படுக்கைவிரிப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். நாள் முழுவதும் ஊரார் விரிப்புகளை மடிக்கிற எனக்கு என் விரிப்பு சூடாக இருக்கிறதென்று ஒரு பூரிப்பு. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பிவைக்கும் அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை.

துணி நினைத்ததைவிட வேகமாகக் காய்ந்துவிட்டது. படியேறி வந்து கதவைத் திறந்தேன். வீட்டில் சத்தமில்லை. யன்னலோரக் கதிரையில் வெயில் மட்டும் இருந்தது. குசினியை எட்டிப் பார்த்தேன்.

மச்சாள் நிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என் மண்சட்டி. தங்கக் காப்புகளை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தார். ஒரு முழு நீளப் பகெத் பாணைப் பிய்த்துப் பிய்த்துச் சட்டியின் அடியை வழித்துக்கொண்டிருந்தார். நாடியில் எண்ணெய் வழிந்திருந்தது. பக்கத்தில் மீன் முட்கள், ஒரு சதை ஒட்டாமல், ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. சூப் தவிர வேறொன்றும் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று முதல் நாளும் சொன்னவர் அவர்.

நான் பைகளோடு வாசலில் நின்றேன். எனக்கு அப்போது வந்த ஆனந்தத்தை மறைக்க மாட்டேன். இனி இந்த மனிசி என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது என்று நினைத்தேன். குறைந்தது ஒரு அசட்டுச் சிரிப்பாவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

மச்சாள் நிமிர்ந்து பார்த்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"உறைப்புக் காணாது," என்றார்.

எனக்குக் கால் முதல் தலை வரை எரிந்தது. "காணாட்டி நீங்களே வையுங்கோவன்," என்றேன். "என்ரை கறியைக் களவாச் சாப்பிட்டிட்டு அதிலை குறையும் சொல்லுறியளே மச்சாள்."

"களவு என்ன களவு? தம்பி வீடு." அவர் சட்டியை இறக்கி வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். பிறகு, என்னிடம் இல்லை, சட்டியிடம் சொல்வது போலச் சொன்னார்: "அங்கை இனி மீன் காய்ச்சேலாது."

"ஏன்?"

"அமெரிக்கன் குசினி போடுறாங்கள். இடையிலை சுவர் இல்லை. குசினி, இருந்து கதைக்கிற சாலோன் எல்லாம் ஒண்டு. பிள்ளையள் இப்பவே சொல்லிப்போட்டுதுகள், மீன் மணம் சோபாவிலை பிடிக்குமாம், தங்கடை சிநேகிதர் வரமாட்டினமாம். அத்தானும் ஓம் எண்டிட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான்தானே அந்த மொடலைத் தெரிவு செய்தனான்," என்றார் மச்சாள். "கடையிலை பாக்க வடிவா இருந்தது."

நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். வேறொரு பெண் அந்த இடத்தில் நிலத்தில் உட்கார்ந்து மச்சாளின் கையைப் பிடித்திருப்பாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருந்த சுவரை இடித்து, ஒரு வாரம் தூசி குடித்து, சமைக்க முடியாத ஒரு குசினியைக் கட்டிக்கொள்கிறார்கள். அதற்கு எத்தனை படம் எடுத்து அனுப்பப்போகிறாரோ. நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

"சிரி, சிரி," என்றார் மச்சாள். எழும்பிக் கை கழுவினார். "நாளைக்கு மீன் வாங்கப் போவம். உனக்கு மீன் பாக்கத் தெரியாது. இது பழைய மீன்."

வெள்ளிக்கிழமை காலை கீழே தமிழ்க் கடைக்குப் போனோம். மச்சாள் மீன் பெட்டிக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்தார். கடைக்காரத் தம்பி, "அக்கா, எல்லாம் விடியத்தான் வந்தது," என்றான்.

"எந்த விடிய?" என்றார் மச்சாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. நான் நாளையும் அந்தக் கடைக்குப் போக வேண்டியவள். ஆனால் அவன் உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததை நான் கண்ணால் கண்டேன். அதிலிருந்து ஒரு பாரையையும், தனியாக வெட்டி வைத்திருந்த பெரிய மீன் தலை ஒன்றையும் வாங்கினோம். திரும்பும் வழி முழுவதும், இவ்வளவு காலமும் என்னை ஏமாற்றி வந்த அந்தத் தம்பி மீதும், அதைக் கண்டுபிடித்துச் சொன்ன மச்சாள் மீதும் ஒரே அளவு கோபம்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் என்னைக் குசினியால் வெளியேற்றினார். நான் போய் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தேன், மூன்று நாளுக்குப் பிறகு. உள்ளேயிருந்து அதிகாரம் வந்தபடி இருந்தது. வெந்தயம் எங்கே? இதுவோ உன்ரை மிளகாய்த்தூள், மரத்தூள் மாதிரிக் கிடக்கு. புளி இவ்வளவுதானோ? யன்னலைச் சாத்து, குளிர் வருது. யன்னலைத் திற, புகையுது. நான் வெயிலில் காலை நீட்டியிருந்தேன். வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்த மணம் முதலில் வந்தது. பிறகு புளி கொதிக்கிற மணம். பிறகு, தேங்காய்ப்பால் விட்ட பின், எல்லாம் சேர்ந்து அடங்கிய ஒரு மணம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஏதோ முணுமுணுத்தபடி தன் யன்னலை அடித்துச் சாத்தியது கேட்டது. அவள் மூக்குக்கு அவ்வளவுதான் கொடுத்துவைத்தது.

நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறும் குழம்பும் மட்டும். நான் முதல் வாய் வைத்தேன். எப்படிச் சொல்வது? அது என் குழம்பைவிட நல்ல குழம்பு. கொஞ்சம் நல்லது என்றால் பரவாயில்லை, என் குழம்பை நான் இனிக் குழம்பு என்றே சொல்லக் கூடாது என்னும் அளவுக்கு நல்லது. உறைப்பு நாக்கில் நிற்காமல் காதுக்கு ஏறியது. மீன் விண்டுபோகாமல், ஆனால் தொட்டதும் பிரிந்தது. ஒரு மனிதரை எவ்வளவு கேவலமாக நினைத்தாலும் அவர் வைத்த கறி ருசியாக இருந்துவிடுகிறது. இதில் ஒரு நியாயமும் இல்லை. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். மச்சாள் அதைப் பார்த்தார். சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போது மச்சாளின் போன் அடித்தது. கனடாப் பெரியம்மா, வீடியோவில். மச்சாள் கையை உதறித் துடைத்து, சோற்றுத் தட்டைத் தள்ளி, மெழுகுதிரியை இழுத்து முன்னால் வைத்தார். கொளுத்த நேரமில்லை.

"என்ன பிள்ளை, மத்தியானச் சாப்பாடோ?" என்று பெரியம்மாவின் குரல் கேட்டது.

"ஓம் பெரியம்மா. இண்டைக்கும் சூப்தான். இந்தக் காலத்துக்கு வயித்துக்குப் பாரமில்லாமல்..."

நான் போனில் விழாத பக்கம் இருந்தேன். என் தட்டில் மீன் தலை இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணுக்குப் பின்னால் வாயை வைத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சினேன்.

பெரியம்மா நிறுத்தினார். "அதென்ன சத்தம்?"

மச்சாள் என்னைப் பார்த்தார். கண்ணில் கொலை இருந்தது. "தண்ணிப் பைப் பெரியம்மா," என்றார். "பழைய பைப்."

"புதுக் குசினியிலையோ?"

நான் மறுபடியும் உறிஞ்சினேன், இன்னும் நீளமாக. மச்சாளின் வாய் கோணியது. அடக்கிப் பார்த்தார். பிறகு அவரால் முடியவில்லை. சிரிப்பு மூக்கால் வெடித்து, போன் கையில் இருந்து நழுவி, தட்டுகளுக்கு நடுவில் விழுந்தது. பெரியம்மாவுக்கு என்ன தெரிந்ததோ தெரியாது. குழம்புச் சட்டியை மிக அருகில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். "ஆ, மீன்!" என்று அவர் சத்தமிட்டது கேட்டது. பிறகு, "பிள்ளை, அது என்ன மீன்? பாரையோ?" என்றார், அவ்வளவு ஏக்கமாக. மச்சாள் போனை எடுத்து, முகத்தைச் சரிசெய்யாமலே, பாரைதான் என்றும், தலையை எப்படிப் போட்டார் என்றும் மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினார். பெரியம்மா வேறொன்றையும் பற்றிப் பேச விடவில்லை. மெழுகுதிரிகளைப் பற்றியோ நின்று நிதானித்துப் பார்ப்பதைப் பற்றியோ அன்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சினேகிதிகள் ஆகிவிட்டோம் என்று நினைக்கத் தேவையில்லை. அன்று பின்னேரமே கதிரைக்குச் சண்டை வந்தது. சனிக்கிழமை அவர் என் அலுமாரியை அடுக்கித் தருகிறேன் என்று புளியை எங்கேயோ கொண்டுபோய் வைத்தார், இன்றுவரைக்கும் தேடுகிறேன். ஞாயிறு காலை அத்தான் தொலைபேசி எடுத்து, குசினி முடிந்துவிட்டது என்றார். மச்சாள் மிச்சக் குழம்பை ஒரு போத்தலில் அடைத்து, பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று சுற்றி, பெட்டியின் நடுவில் உடுப்புகளுக்குள் புதைத்தார்.

"மணம் வந்தா?" என்று கேட்டேன்.

"உன்ரை வீட்டிலை நிண்ட மணம் எண்டு சொல்லுவன்," என்றார்.

நான் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். புது லிஃப்டுகள் பழையவற்றைவிட மெதுவாக ஏறின. அந்த வாரக் கடைசியில் மச்சாளின் வீடியோ வந்தது: வெள்ளைக் கல், வெள்ளை அலுமாரி, நடுவில் ஒரு கிண்ணத்தில் பச்சை அப்பிள்கள். குசினி ஆஸ்பத்திரி போல இருந்தது. பெரியம்மா கீழே, 'எல்லாம் சரி, மீன் எங்கே?' என்று எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மாலை மச்சாள் தொலைபேசி எடுத்தார்.

"நாளைக்கு சேர்ச்சிலை தமிழ்ப் பூசைக்கு லாச்சப்பல் பக்கம் வாறன்," என்றார். மச்சாள் நல்ல நாளிலும் பூசைக்குப் போகிறவர் இல்லை. "முடிய வீட்டை வருவன். நீ மீன் வாங்கிப்போடாதை, உனக்குத் தெரியாது. நானே வாங்கிக்கொண்டு வாறன்."

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு எத்தனையோ காரணம் இருந்தது. ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு ஓய்வு. அந்த மனிசியின் குரலே எனக்குப் பிடிக்காது.

"தலையும் வாங்கியாங்கோ," என்றேன்.